ஒரு குண்டுவீச்சு ஸ்குவாட்ரனின் போர்க்கால வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்ட் 3,64,514 சார்ட்டிகள், அதாவது போர்ப் பறப்புகள், பறந்தது. 8,325 விமானங்களை இழந்தது. 55,573 பேர் மாண்டார்கள். இவ்வளவு பெரிய கணக்கில் ஒரே ஒரு ஸ்குவாட்ரனின் பங்கை எடுத்து எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் தவறான முனையில் தொடங்குகிறார்கள். புகழ்பெற்ற ஒரு தாக்குதலையும் பதக்கம் வாங்கிய ஒரு விமானியையும் பிடித்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை எழுதிவிடுவார்கள். பிறகு இடைவெளிகளை நிரப்ப இணையத்தில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போடுவார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு தேதிகள் மோதும்போது எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் ஓர் அட்டவணை. ஒரு விமானம் ஒருமுறை எதிரியை நோக்கிக் கிளம்பினால் அது ஒரு சார்ட்டி. ஒரு சார்ட்டிக்கு ஒரு வரி. அந்த அட்டவணை முடியும்வரை உரைநடை ஒரு வரிகூட வேண்டாம். போர் முழுவதும் பறந்த ஸ்குவாட்ரன் என்றால் சில ஆயிரம் வரிகள் வரும். அலுப்பான வேலைதான், ஆனால் பின்னால் எழும் எந்தக் கேள்விக்கும் விடை அதில்தான் இருக்கும்.

முதல் ஆவணம்: ஏர் 27

லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்குவாட்ரன்களின் செயல்பாட்டுப் பதிவேடுகள் 'ஏர் 27' என்ற வரிசையில் இருக்கின்றன. போர்க்காலப் பதிவேடுகள் ஸ்கேன் செய்யப்பட்டுவிட்டதால் வீட்டிலிருந்தே தரவிறக்கலாம். ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு வகைத் தாள்கள் உண்டு. ஃபார்ம் 540 என்பது நாள்வாரி நிகழ்வுச் சுருக்கம்: வானிலை, இடமாற்றம், புதிதாக வந்தவர்கள், அன்றிரவு எத்தனை விமானங்கள் எங்கே போயின என்பவை. ஃபார்ம் 541 என்பது பறப்பு விவரம்: தேதி, விமானம், பணியாளர்கள், பணி, புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம், நடந்தது என்ன.

உங்கள் அட்டவணை 541இலிருந்துதான் பிறக்க வேண்டும். 540 படிக்கச் சுவாரசியமானது, ஆனால் அதை எழுதிய அதிகாரிக்கு நேரமும் ஆர்வமும் எப்படி இருந்தனவோ அப்படித்தான் அது இருக்கும். ஒரு மாதம் ஐந்து பக்கம் எழுதியவர் மாற்றலாகிப் போனதும் அடுத்த மாதம் 'பறப்பு இல்லை' என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும். 541 அவ்வளவு ஊசலாடாது. ஆனாலும் போரின் தொடக்கத்தில் விமானியின் பெயரை மட்டும் எழுதிய ஸ்குவாட்ரன்கள் உண்டு. விமானத்தின் எண்ணை விட்டுவிட்டு அதன் பக்கவாட்டில் தீட்டிய அடையாள எழுத்தை மட்டும் போட்டவர்களும் உண்டு.

இரண்டையும் எடுத்தபின் 540இல் 'பதினான்கு விமானங்கள் கிளம்பின' என்று இருக்கிறதா, 541இல் பதினான்கு வரிகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு இரவுக்கும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை பொருந்தாத இரவுகளைச் சிவப்பில் குறித்து வையுங்கள். பொதுவாக விடுபடுவது, கிளம்பிச் சில நிமிடங்களில் எஞ்சின் கோளாறால் திரும்பிய விமானம். அல்லது ஓடுபாதையிலேயே நொறுங்கியது.

அடுத்து அந்தத் தளத்தின் பதிவேடு, 'ஏர் 28'. ஒரே தளத்தில் இரண்டு ஸ்குவாட்ரன்கள் இருந்தால் பனிமூட்டம், திருப்பிவிடப்பட்ட தளம், குண்டு ஏற்றும்போது நடந்த விபத்து எல்லாம் இங்கேதான் இருக்கும். பல ஸ்குவாட்ரன்களைக் கொண்ட குரூப்பின் பதிவேடுகள் 'ஏர் 25', கமாண்டின் கோப்புகள் 'ஏர் 14', பணியாளர்களின் சண்டை அறிக்கைகள் 'ஏர் 50'. இவற்றைத் தொடக்கத்திலேயே திறக்காதீர்கள். கேள்வி இல்லாமல் 'ஏர் 14'க்குள் போனால் மாதக்கணக்கில் வெளியே வர முடியாது.

அட்டவணையின் அமைப்பு

நிரல்கள் இவை: இரவு, விமானத்தின் வரிசை எண், எழுத்து, விமானி, மற்றப் பணியாளர்கள் ஒவ்வொருவருக்கும் தனி நிரல், பணி, இலக்கு, புறப்பாடு, இறக்கம், இறங்கிய தளம், குண்டுச் சுமை, முடிவு, ஆவணத்தின் பக்க எண். கடைசியில் உங்கள் குறிப்பு.

விமான எண், பெயர், இலக்கு ஆகிய மூன்றுக்கும் இரண்டிரண்டு நிரல்கள் வையுங்கள். ஒன்றில் ஆவணத்தில் உள்ளபடி, பிழையோடு. மற்றதில் நீங்கள் திருத்தியது. தட்டச்சுப் பிழை என்று நினைத்து முதல் நாளே திருத்திவிட்டால், அது பிழையே இல்லை என்று பின்னால் தெரியவரும்போது திரும்பிப் போக வழி இருக்காது.

முடிவு நிரலில் வாக்கியம் எழுத வேண்டாம், குறியீடு போதும்: முதன்மை இலக்கைத் தாக்கியது, மாற்று இலக்கைத் தாக்கியது, பாதியில் திரும்பியது, குண்டு போடாமல் திரும்பியது, காணாமல் போனது, பிரிட்டனுக்குள் நொறுங்கியது. ஆவணத்தில் 'டி.சி.ஓ.' என்றால் பணி முடிந்தது, 'டி.என்.சி.ஓ.' என்றால் முடியவில்லை, 'எஃப்.டி.ஆர்.' என்றால் திரும்பவில்லை.

கணக்கு எப்படிச் சரிபார்க்கப்பட வேண்டும் என்பதற்கு 617 ஸ்குவாட்ரன் ஜெர்மனியின் அணைகள்மீது நடத்திய தாக்குதல் நல்ல மாதிரி. 1943 மே 16/17 இரவு ஸ்காம்ப்டன் தளத்திலிருந்து 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. விமானத்துக்கு ஏழு பேர். மொத்தம் 133 பேர். திரும்பாதவை 8, அதாவது 56 பேர். இறந்தவர்கள் 53, சிறைபிடிக்கப்பட்டவர்கள் 3, கூட்டினால் 56. திரும்பிய 11இல் மன்ரோவின் விமானம் வழியில் சுடப்பட்டுப் பாதியில் திரும்பியது, ரைஸின் விமானம் கடலில் உரசிக் குண்டை இழந்தது, ஆண்டர்சன் குண்டைப் போடாமலே கொண்டுவந்தார். மீதி எட்டு இலக்கில் போட்டுவிட்டுத் திரும்பியவை. ஆனால் இலக்கில் போட்டவை மொத்தம் எட்டல்ல, பதினொன்று. ஹாப்குட், மோட்ஸ்லி, யங் ஆகிய மூவரும் குண்டைப் போட்டார்கள், திரும்பவில்லை. 'காணாமல் போனது' என்ற ஒற்றைக் குறியீட்டோடு நின்றுவிட்டால் இந்த மூன்றும் தாக்குதல் கணக்கிலிருந்து நழுவிவிடும். ஆகவே முடிவுக்கு இரண்டு நிரல்கள் தேவை: குண்டு என்ன ஆனது, விமானம் என்ன ஆனது.

இரவும் மணியும்

தேதிதான் அதிகம் சறுக்கும் இடம். இரவுத் தாக்குதல் இரண்டு நாட்காட்டித் தேதிகளில் பரவும். 541இல் ஒரு தேதி மட்டும் இருந்தால் அது புறப்பட்ட தேதியா திரும்பிய தேதியா என்பது ஸ்குவாட்ரனுக்கு ஸ்குவாட்ரன், சிலவேளை எழுத்தருக்கு எழுத்தர் மாறும். எப்போதும் '16/17' என்ற இரட்டைத் தேதியாகவே எழுதுங்கள். 'புறப்பட்ட தேதியே இரவின் தேதி' என்ற எளிய விதியும் உதவாது. அணைத் தாக்குதலின் முன்னணி விமானங்கள் 16ஆம் தேதி இரவு 9:28 முதல் கிளம்பின. கடைசி அணியின் முதல் விமானம் ஏறியது நள்ளிரவு தாண்டி, 17ஆம் தேதி 12:09க்கு. எளிய விதிப்படி ஒரே தாக்குதல் இரண்டாக உடைந்துவிடும். நண்பகல் முதல் மறுநாள் நண்பகல்வரை ஓர் இரவு என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது. பகல் தாக்குதல்களை மட்டும் ஒற்றைத் தேதியில் எழுதுங்கள்.

மணியில் இன்னொரு பொறி. 1940 பிப்ரவரி கடைசியிலிருந்து போர் முடியும்வரை பிரிட்டிஷ் கடிகாரம் குளிர்காலத்திலும் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடியது. 1941 முதல் கோடையில் இரண்டு மணி முன்னால். இரட்டைக் கோடை நேரம் இருந்த நாட்கள்: 1941 மே 4 – ஆகஸ்ட் 10, 1942 ஏப்ரல் 5 – ஆகஸ்ட் 9, 1943 ஏப்ரல் 4 – ஆகஸ்ட் 15, 1944 ஏப்ரல் 2 – செப்டம்பர் 17, 1945 ஏப்ரல் 2 – ஜூலை 15. பதிவேடுகளில் பெரும்பாலும் உள்ளூர்க் கடிகார நேரம்தான் இருக்கும். வழி கணிக்கும் நேவிகேட்டரின் பதிவிலோ கிரீன்விச் நேரம் இருக்கும். இரண்டையும் கலந்துவிட்டால் விமானம் இலக்கை அடையும் முன்பே சுட்டு வீழ்த்தப்பட்டதாக உங்கள் அட்டவணை சொல்லும்.

எந்த நேரம் என்று சந்தேகம் வந்தால் சூரியனைக் கேளுங்கள். அணைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய கிப்சனின் விமானம் அன்று 9:39க்கு ஏறி விடிகாலை 4:15க்கு இறங்கியது: ஆறு மணி 36 நிமிடம். மே நடுவில் லிங்கன்ஷயரில் 9:39க்கு இன்னும் வெளிச்சம் இருக்குமா? இரட்டைக் கோடை நேரத்தில் இருக்கும், அப்போதுதான் சூரியன் மறையப் போகும். ஆகவே அது உள்ளூர்க் கடிகாரம். அதுவே கிரீன்விச் நேரம் என்றால் நன்றாக இருட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு மாதத்திலும் இரண்டு மூன்று இரவுகளுக்கு இந்தச் சோதனையைச் செய்தால் அந்த எழுத்தரின் வழக்கம் பிடிபட்டுவிடும்.

பறந்த மணித்துளிகளையும் கணக்கிட்டுப் பாருங்கள். பெர்லினுக்குப் போனதாக எழுதப்பட்ட லங்காஸ்டர் மூன்று மணி நேரத்தில் திரும்பியிருந்தால் ஒன்று அது பாதியில் திரும்பியது, அல்லது இறங்கிய நேரம் தவறாக அடிக்கப்பட்டிருக்கிறது.

எழுத்தும் எண்ணும்

விமானத்தின் பக்கவாட்டில் மூன்று பெரிய எழுத்துகள் இருக்கும். முதல் இரண்டு ஸ்குவாட்ரனின் அடையாளம், மூன்றாவது அந்த விமானத்துக்கு. கிப்சனின் விமானம் ஏ.ஜே.-ஜி, அதன் வரிசை எண் இ.டி. 932. எண் ஒரு விமானத்துக்கு ஒன்றுதான், கடைசிவரை மாறாது. எழுத்து அப்படியல்ல. 'ஜி' தொலைந்தால் அடுத்த வாரமே புதிய விமானத்துக்கு 'ஜி' என்று எழுதிவிடுவார்கள். ஒரே ஸ்குவாட்ரனில் போர் முடிவதற்குள் ஐந்தாறு 'ஜி'கள் இருந்திருக்கலாம். 541இல் எழுத்து மட்டும் இருக்கும் வரிகளுக்கு எண்ணை ஊகித்துப் போடுவதுதான் இத்துறையில் மிகப் பரவலான தவறு.

இதற்கு இரண்டாவது அட்டவணை தேவை: எண், எழுத்து, இந்த எழுத்தோடு முதலில் தென்பட்ட இரவு, கடைசியாகத் தென்பட்ட இரவு. எண்ணும் எழுத்தும் சேர்ந்து வரும் வரிகளிலிருந்து மட்டும் இதை நிரப்புங்கள். ஒரு விமானம் ஸ்குவாட்ரனுக்கு எப்போது வந்தது, எப்போது போனது என்பது விமான நகர்வு அட்டையான ஃபார்ம் 78இல் இருக்கும். அந்த அட்டையின் தேதிகள் காகிதம் நகர்ந்த தேதிகள். விமானம் சில நாட்கள் முன்னதாகவே வந்து பறந்திருக்கலாம். அட்டையும் 541ம் ஒரு வாரம் முரண்பட்டால் 541ஐ நம்புங்கள்.

ஒரே எண்ணுக்கு இரண்டு எழுத்துகள் இருந்தாலும் பதற வேண்டாம். லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஆர் 5868, 83 ஸ்குவாட்ரனில் ஓ.எல்.-க்யூ, பிறகு 467 ஸ்குவாட்ரனில் பி.ஓ.-எஸ். ஸ்குவாட்ரன் பெரிதாகி மூன்றாவது ஃபிளைட், அதாவது உட்பிரிவு, சேர்ந்தால் இருபத்தாறு எழுத்துகள் போதாது. அப்போது இரண்டாவது குறியீட்டைக் கொடுத்தார்கள். நியூஸிலாந்தின் 75 ஸ்குவாட்ரனுக்கு ஏ.ஏ. தவிர ஜே.என். என்பதும் உண்டு. சிலர் எழுத்துக்கு மேல் ஒரு கோடு போட்டும் சமாளித்தார்கள். தட்டச்சில் அந்தக் கோடு காணாமல் போய்விடும்.

பழைய கார்பன் நகலில் 3ம் 8ம், 5ம் 6ம், ஈயும் எஃப்பும் ஒன்றுபோலத் தெரியும். வரிசை எண்கள் தொகுதி தொகுதியாக ஒதுக்கப்பட்டவை. எதிரி மொத்த உற்பத்தியைக் கணிக்காமலிருக்க நடுவே வேண்டுமென்றே எண்களை விட்டுவிட்டார்கள். ஆகவே நீங்கள் படித்த எண் லங்காஸ்டருக்கு ஒதுக்கப்படாத தொகுதியில் விழுந்தாலோ, விடப்பட்ட இடைவெளியில் விழுந்தாலோ, படித்தது தவறு. எண்ணுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு 'ஜி' என்று இருந்தால் அது விமானத்தின் எழுத்தல்ல. ரகசியக் கருவி இருப்பதால் எப்போதும் காவல் போட வேண்டும் என்று பொருள்.

மூக்கில் வரைந்த குண்டுப் படங்களை எண்ணி 'இத்தனை தாக்குதல்' என்று எழுதாதீர்கள். அது தரைப்பணியாளர்களின் பெருமைக் கணக்கு. உங்கள் அட்டவணையின் வரிகளை எண்ணி, இரண்டும் வேறுபட்டால் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

ஆட்கள்

லங்காஸ்டரில் ஏழு பேர்: விமானி, ஃபிளைட் எஞ்சினியர், நேவிகேட்டர், குண்டு எய்பவர், வயர்லெஸ் ஆபரேட்டர், நடு மேல் கன்னர், பின் கன்னர். எட்டாவது பெயர் இருந்தால் பெரும்பாலும் முதல் அனுபவத்துக்காக உடன் போன புதிய விமானி. 101 ஸ்குவாட்ரனில் மட்டும் எட்டாவது ஆள் ஜெர்மானிய வானொலியைக் குழப்பும் கருவியை இயக்குபவர். 1942க்கு முந்தைய தாள்களில் 'அப்சர்வர்' என்று ஒருவர் வருவார். வழி கண்டுபிடிப்பதும் குண்டு போடுவதும் அவர் ஒருவரின் வேலை. 1942இல்தான் அது இரண்டு பதவிகளாகப் பிரிந்தது. பழைய வரிகளில் 'நேவிகேட்டர்' என்று திருத்திவிடாதீர்கள்.

பெயரைக் கொண்டு ஆளை அடையாளம் காணக் கூடாது, படை எண்ணைக் கொண்டு காண வேண்டும். ஒரே ஸ்குவாட்ரனில் இரண்டு ஸ்மித், மூன்று ஜோன்ஸ் சாதாரணம். ஆனால் எண்ணிலும் ஒரு சிக்கல்: சார்ஜென்ட்டாக இருந்தவர் அதிகாரியானால் புதிய எண் கொடுத்துவிடுவார்கள். ஜனவரியில் சார்ஜென்ட், மார்ச்சில் பைலட் ஆஃபீசர், எண் வேறு. அட்டவணையில் அவர் இரண்டு ஆளாகிவிடுவார். பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வரும் நியமன அறிவிப்பில் பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்து இணைத்துவிடலாம். நியமனம் பின்தேதியிட்டு வருவதால், இறந்த பிறகும் பதவி உயர்வு வந்திருக்கும். கல்லறையில் அதிகாரி, 541இல் சார்ஜென்ட் என்று இருந்தால் காரணம் இதுவே. பதக்கம்கூடச் சோதனைக்கு உதவும்: டி.எஃப்.சி. அதிகாரிகளுக்கும் வாரண்ட் ஆஃபீசர்களுக்கும், டி.எஃப்.எம். மற்ற நிலையினருக்கு.

எண்ணின் முன்னெழுத்து நாட்டைச் சொல்லும். கனடா விமானப்படை அதிகாரிக்கு 'ஜே', மற்றவர்களுக்கு 'ஆர்'. நியூஸிலாந்துக்காரர்களுக்கு 'என்.இசட்.'. நாடு தெரிந்தால் ஆவணம் எங்கே என்பதும் தெரியும். ஆஸ்திரேலியர் விபத்திலோ சண்டையிலோ போயிருந்தால் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஏ 705' வரிசையில் அவருக்கு ஒரு கோப்பு இருக்கும். போருக்குப் பின் நடந்த விசாரணைக் கடிதங்கள்வரை அதில் இருப்பதால், அதே விமானத்தில் போன ஆங்கிலேயரைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் சிலவேளை அதுவே சிறந்த வழி.

ஒருவரின் சொந்தப் பறப்புப் பதிவேட்டுப் புத்தகம் கிடைத்தால் அதிர்ஷ்டம். விமானிகளுக்கு ஃபார்ம் 414, மற்றவர்களுக்கு ஃபார்ம் 1767. இரவுத் தாக்குதல் சிவப்பு மையில், பகல் தாக்குதல் பச்சையில். ஆனால் பலர் மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியவர்கள். அடுத்தடுத்த இரண்டு இரவுகள் இடம் மாறுவதும், விமானத்தின் எழுத்து தவறுவதும் அதனால்தான். புத்தகமும் 541ம் முரண்பட்டால் அதே இரவில் மற்றப் பணியாளர்கள் எந்த விமானத்தில் இருந்தார்கள் என்று பாருங்கள். ஒரு விமானத்தில் இரண்டு குழுக்கள் ஏற முடியாது.

இழப்புகள்

ஒவ்வொரு இழப்புக்கும் தனிக் கோப்பு திறக்க வேண்டும். வரிசை இது: 541இன் வரி, ஃபார்ம் 78இல் 'காணவில்லை' என்ற முடிவு, விமானப்படையின் உயிரிழப்புக் கோப்புகளான 'ஏர் 81', காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவு, பிழைத்து வந்தவர்களின் தப்பிப்பு அறிக்கைகள் இருக்கும் 'டபிள்யூ.ஓ. 208'. பிரிட்டனுக்குள் நடந்த விபத்து என்றால் ஃபார்ம் 1180 என்ற விபத்து அட்டை. அதில் காரணம் ஒரே வரியில் இருக்கும், பெரும்பாலும் விமானியின் தலையில் பழியைப் போட்டபடி.

சேதத்துக்கு எழுத்துக் குறியீடு உண்டு. 'ஏ' ஸ்குவாட்ரனே சரிசெய்யும் அளவு, 'ஏ.சி.' வெளியாட்கள் வந்து அங்கேயே சரிசெய்வது, 'பி' பட்டறைக்கு அனுப்ப வேண்டியது, 'ஈ' மீட்க முடியாதது. 'எஃப்.பி.' என்றால் சண்டையில், 'எஃப்.ஏ.' என்றால் விபத்தில்.

கல்லறைப் பதிவில் ஒரே விமானத்தில் இறந்த ஏழு பேருக்கு இரண்டு தேதிகள் இருப்பது சகஜம். அதற்காக ஒருவர் மறுநாள் காயத்தால் இறந்தார் என்று கதை கட்டிவிடாதீர்கள். நள்ளிரவைத் தாண்டிய குழப்பமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இப்போது கல்லறை இருக்கும் இடமும் விமானம் விழுந்த இடமல்ல. போருக்குப் பின் கிராமத்துக் கல்லறைகளிலிருந்து உடல்களை எடுத்து ரைக்ஸ்வால்ட், ரைன்பெர்க் போன்ற பெரிய கல்லறைகளில் சேர்த்தார்கள். முதலில் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதைச் சொல்லும் இடமாற்றத் தாள்கள் ஆணையத்தின் பதிவோடு இணைக்கப்பட்டிருக்கும்; விழுந்த இடத்துக்கு அதுவே நெருங்கிய துப்பு. உடல் கிடைக்காதவர்களின் பெயர், பிரிட்டனிலிருந்தும் வடமேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்தவர்களானால் ரன்னிமீட் நினைவகத்தில் இருக்கும். அங்கே 20,000க்கும் மேற்பட்ட பெயர்கள். வங்காளத்திலிருந்து பர்மாமீது பறந்த லிபரேட்டர் ஸ்குவாட்ரன் என்றால் சிங்கப்பூர் நினைவகத்தில் தேடுங்கள்.

'காணவில்லை' என்பதற்கு அன்று தெரிந்தது வேறு, இன்று தெரிவது வேறு. 540இல் 'இரவுச் சண்டை விமானத்தால் வீழ்த்தப்பட்டதாக நம்பப்படுகிறது' என்று இருந்தால் அது மறுநாள் காலை ஊகம். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

இழப்பு விகிதத்தில் இன்னொரு கவனம். 1944 மார்ச் 30/31 இரவு நியூரம்பர்க்குக்கு 795 விமானங்கள் போய் 95 திரும்பவில்லை: 11.9 சதவீதம். இந்த 95இல் இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து நொறுங்கியவை சேரவில்லை. உங்கள் ஸ்குவாட்ரனின் விகிதத்தில் அவற்றையும் சேர்த்துக்கொண்டு, கமாண்டின் விகிதத்தோடு ஒப்பிட்டால் ஸ்குவாட்ரன் தேவையில்லாமல் துரதிர்ஷ்டம் பிடித்ததாகத் தெரியும்.

குண்டும் குழூஉக்குறியும்

சுமை '1×4000 ஹெச்.சி., 1080×4 ஐ.பி.' என்பதுபோல் இருக்கும். 4,000 பவுண்டு குண்டு ஒன்று, 4 பவுண்டு தீக்குண்டுகள் 1,080. தீக்குண்டுகள் சிறு பெட்டிகளில் பெட்டிக்கு 90 வீதம் ஏற்றப்பட்டவை. 1,080 என்றால் 12 பெட்டி. எடை 4,320 பவுண்டு, மொத்தம் 8,320. தீக்குண்டு எண்ணிக்கை 90ஆல் வகுபடாவிட்டால் ஒருமுறை உற்றுப் பாருங்கள், பூஜ்ஜியம் விடுபட்டிருக்கலாம். 30 பவுண்டு தீக்குண்டுகள் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

'கார்டனிங்' என்றால் கடலில் கண்ணிவெடி போடுவது. கடற்பகுதிகளுக்குச் செடி, பழப் பெயர்கள். 'நெக்டரின்' ஃப்ரீசியன் தீவுகள், 'டியோடார்' பிரான்சின் ஜிரோந்த் முகத்துவாரம். 'நிக்கல்' துண்டறிக்கை வீசுவது. 'புல்ஸ்ஐ' வெறும் பயிற்சி, சார்ட்டிக் கணக்கில் சேராது. நகரங்களுக்கு மீன் பெயர்கள்: 'ஒயிட்பெய்ட்' பெர்லின்.

இனி பெரிய விஷயம். 'இலக்கு தாக்கப்பட்டது' என்று 541 சொன்னால், பணியாளர்கள் அப்படிச் சொன்னார்கள் என்றுதான் பொருள். 1941 ஆகஸ்டில் வந்த பட் அறிக்கை, அந்தக் கோடையின் 600க்கும் மேற்பட்ட இரவுப் படங்களைப் பார்த்து, இலக்கைத் தாக்கியதாகப் பதிவான விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் போயிருந்தது என்று கண்டது. ஆகவே 1941இன் வரிகளில் 'தாக்கியதாக அறிக்கை' என்று எழுதுங்கள். குண்டு போட்ட நேரத்தில் எடுத்த படம் கிடைத்தால் அதன் அடியில் உள்ள வரியைப் படியுங்கள். தளத்தின் சுருக்கப் பெயர், இரவின் தேதி, லென்ஸ் அளவு அங்குலத்தில், உயரம் அடியில், அம்புக்குறியோடு திசை, நேரம், இலக்கு, விமானி, எழுத்து, ஸ்குவாட்ரன் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். 541இல் விடுபட்ட எழுத்து இங்கே கிடைத்த சந்தர்ப்பங்கள் நிறைய.

எண்ணிக்கைகள் ஏன் பொருந்துவதில்லை

ஒரு பணியாளர் முடிக்க வேண்டிய முதல் சுற்றுப் பணி 30 தாக்குதல் என்பது விதி. ஆனால் 1944 வசந்தத்தில் பிரான்சின் பல இலக்குகளை மூன்றில் ஒரு பங்குத் தாக்குதலாகத்தான் எண்ணினார்கள். மே 3/4 இரவு மெய்லி-ல-காமில் 42 லங்காஸ்டர்களை இழந்தபின் அந்த விதி நிற்கவில்லை. ஒருவரின் புத்தகத்தில் 'மொத்தம் 30', உங்கள் அட்டவணையில் 36 சார்ட்டி என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த மாதங்களைத்தான்.

ஸ்குவாட்ரனே இரண்டாகப் பிரிந்திருக்கும். 467 ஸ்குவாட்ரன் 1942 நவம்பரில் ஸ்காம்ப்டனில் தொடங்கி, சில நாட்களில் பாட்டஸ்ஃபோர்டுக்குப் போய், 1943 நவம்பரில் வாடிங்டனுக்கு வந்தது. அதே மாதம் 25ஆம் தேதி அதன் மூன்றாவது ஃபிளைட் 463 ஸ்குவாட்ரனாகப் பிறந்தது. விமானங்களும் ஆட்களும் அப்படியே மாறினார்கள். அந்த வாரத்தின் வரிகள் இரு பதிவேடுகளிலும் வரலாம், இரண்டிலும் வராமலும் போகலாம். 1944 மார்ச்சில் 35, 97 ஸ்குவாட்ரன்களின் ஃபிளைட்டுகளிலிருந்து உருவான 635க்கும் இதே கதை. பிரிவு நடந்த தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் இரு ஸ்குவாட்ரன்களின் 541களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

400 முதல் 449வரை கனடா, 450 முதல் 484வரை ஆஸ்திரேலியா, 485 முதல் 499வரை நியூஸிலாந்து என்று எண்கள் ஒதுக்கப்பட்டன. பெயர்தான் அப்படி, ஆட்களில் பாதிப்பேர் வேறு நாட்டவராக இருப்பார்கள். ஆஸ்திரேலிய ஸ்குவாட்ரன்களின் பதிவேட்டு நகல் கான்பெராவில் போர் நினைவகத்தின் 64ஆவது வரிசையிலும் உண்டு. கியூவின் நகலில் மங்கிப்போன பக்கம் அங்கே தெளிவாக இருக்கலாம்.

அமெரிக்க ஸ்குவாட்ரன் என்றால் இந்த முறை அப்படியே உதவாது. அங்கே சண்டைக்குப் போகும் அலகு குரூப். நான்கு ஸ்குவாட்ரன்களின் விமானங்கள் கலந்தே அணிவகுக்கும். குரூப்பின் தாக்குதல் அறிக்கைகளில் தொடங்கி, காணாமல் போன விமானங்களுக்கு 'எம்.ஏ.சி.ஆர்.' எனப்படும் காணாமல் போன பணியாளர் அறிக்கைகளைத் தேட வேண்டும். வால் எண்ணில் ஆண்டின் முதல் இலக்கம் இருக்காது: 42-31000 என்ற விமானத்தின் வாலில் 231000.

எழுதும்போது

அட்டவணை முடிந்ததும் மாதவாரியாக வடிகட்டி, சார்ட்டி, இழப்பு, பாதியில் திரும்பியவை என மூன்று எண்களை எடுங்கள். பாதியில் திரும்பியவை திடீரென்று கூடிய மாதத்தில் ஏதோ நடந்திருக்கிறது: புதிய எஞ்சின், உறைபனி, புதிய கமாண்டர், தொடர்ந்த இழப்பு. அத்தியாயங்களை அந்த மாற்றங்களில் வெட்டுங்கள், காலண்டர் ஆண்டில் வெட்டாதீர்கள்.

இழப்பை எழுதும்போது ஒரே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்: இரவு, இலக்கு, எண்ணும் எழுத்தும், புறப்பட்ட நேரம், கடைசியாகத் தெரிந்த தகவல், பின்னால் தெரிந்தது, பணியாளர்கள் பதவியோடு, ஒவ்வொருவரும் எங்கே புதைக்கப்பட்டார் அல்லது சிறைப்பட்டார். பதவியை அன்றிரவு இருந்தபடி எழுதி, பின்னால் வந்த உயர்வைத் தனியே சொல்லுங்கள். ஆவணங்கள் முரண்படும் இடத்தில் ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைக்க வேண்டாம். 'பதிவேட்டின்படி ஜி, விமானியின் புத்தகத்தின்படி சி' என்று இரண்டையும் விட்டுவையுங்கள். உறவினர்கள் கேட்டு எழுதும்போது அட்டவணையின் அந்த வரியையும் பக்க எண்ணையும் அப்படியே அனுப்புங்கள்; அவர்கள் வீட்டில் இருக்கும் கடிதத்தோடு அவர்களே ஒப்பிட்டுக்கொள்வார்கள். அதில் கிடைக்கும் திருத்தத்தைத் தேதியோடு குறிப்பு நிரலில் ஏற்றுங்கள். பழைய பதிவை அழிக்காதீர்கள்.